பூனையைத் தடவுவது எப்படி: எங்கே தொடலாம், எப்போது கையை எடுக்க வேண்டும்

மடியில் ஏறிப் படுத்துக் குர்குர் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த பூனை, ஐந்து நிமிடம் தடவியதும் சட்டென்று திரும்பிக் கையைக் கவ்விவிடுகிறது. "நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு என்ன ஆச்சு?" என்று பூனை வளர்ப்பவர்கள் கேட்பது வழக்கம். பெரும்பாலும் அது திடீரென்று நடப்பதில்லை. கடிப்பதற்கு முன்பே அந்தப் பூனை வாலாலும் காதாலும் முதுகுத் தோலாலும் "போதும்" என்று சொல்லியிருக்கும். கை அதன் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தது, கண் வேறெங்கோ இருந்தது.

பூனையைக் கொஞ்சுவதில் தடவுவது பாதி வேலைதான். கையை எடுத்துவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்ப்பது மறுபாதி. இந்த மறுபாதி பழகிவிட்டால், தொட்டாலே விலகிப்போகும் பூனைகளில் பல தாமாக வந்து உரசத் தொடங்கும். லண்டனில் உள்ள பேட்டர்ஸீ விலங்குக் காப்பகத்தில் நடந்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பூனையோடு பழகும் முன் மனிதர்களுக்குச் சிறிய பயிற்சி ஒன்று தரப்பட்டது: பூனைக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பைக் கொடு, அதன் உடல்மொழியைக் கவனி, தொடும் இடத்தைப் பார்த்துத் தொடு. பயிற்சிக்குப் பிறகு அதே மனிதர்களிடம் பூனைகள் அதிக நட்போடும் குறைந்த எரிச்சலோடும் நடந்துகொண்டன.

"எனக்குப் பூனையைப் பற்றி எல்லாம் தெரியும்" என்பவர்களும் இதைப் படிப்பது நல்லது. 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பூனையைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொண்டவர்கள்தான், பூனைக்கு அவ்வளவாகப் பிடிக்காத இடங்களை அதிகம் தொட்டார்கள்.

எந்த இடம் பிடிக்கும், எது பிடிக்காது

நன்றாகப் பழகிய இரண்டு பூனைகள் ஒன்றையொன்று நக்கிவிடும்போது கவனியுங்கள். பெரும்பாலும் தலையையும் கழுத்தையும்தான் நக்கும். வயிற்றுக்கோ காலுக்கோ அதிகம் போகாது. மனிதக் கையிடமும் பூனை எதிர்பார்ப்பது ஏறக்குறைய இதைத்தான். தலையை முட்டி முட்டிக் காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கன்னம், மோவாய், உதட்டோரம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் முடி மெலிந்திருக்கும் நெற்றிப் பகுதி ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு ஓரத்திலும் நாற்காலிக் காலிலும் உங்கள் முழங்காலிலும் பூனை முகத்தை உரசுவது, தன் வாசனையை அங்கே பூசி வைப்பதற்குத்தான். உங்கள் விரல் அந்த இடங்களில் பட்டால், அது செய்ய நினைத்த வேலைக்கு விரல் உதவி செய்கிறது.

கன்னத்தில் தொடங்குவதுதான் பத்திரமானது. மீசைமுடி முளைக்கும் திட்டுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்து, வாயோரத்திலிருந்து காதின் அடி வரை மெதுவாக இழுங்கள். மீசைமுடியின் வேரில் நரம்புகள் நிறைந்திருக்கின்றன. அதை வளைக்கவோ முன்பக்கமாகத் தள்ளவோ கூடாது. இடம் சரியாக இருந்தால் பூனை தலையைச் சாய்த்து, கன்னத்தை விரல்மேல் அழுத்திக்கொண்டே நகர்த்தும். அப்போது விரலை அசைக்காமல் நிறுத்திப் பாருங்கள்: வாயோரத்திலிருந்து காது வரை பூனையே இழுத்துக்கொள்ளும், பிறகு தலையைத் திருப்பி அடுத்த கன்னத்தைக் கொடுக்கும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்று அதனிடமிருந்தே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

மோவாயில் விரல் நுனியால் தாடை எலும்பின் ஓரமாகச் சொறிந்து விடலாம். காதின் அடிப்பகுதியில், காதுமடல் தலையோடு சேரும் இடத்தில், வட்டமாக வருடலாம். காதுக்குள் விரல் போகக் கூடாது. இரண்டு காதுகளுக்கும் நடுவே உச்சந்தலையில் தடவுவதும் பெரும்பாலான பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் கை மேலிருந்து இறங்காமல் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும்.

தலையும் கழுத்தும் ஆனபின் தோளிலும் முதுகிலும் தடவலாம். முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, தோளிலிருந்து நடுமுதுகு வரை. இடுப்பை எட்டும் முன், வாலுக்கு ஒரு கையகலம் மிச்சம் இருக்கும்போதே கையைத் தூக்கிவிடுங்கள். தலையிலிருந்து வால் நுனி வரை ஒரே இழுப்பில் தடவும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த இழுப்பின் கடைசிக் கால்பகுதிதான் சிக்கலைக் கொண்டுவருகிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் பூனைகளின் உடலில் வெவ்வேறு இடங்களைத் தடவிப் பார்த்தபோது, வாலடியைத் தொட்டதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது.

வாலடியைச் சொறிந்தால் சில பூனைகள் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். அதைப் பார்த்து "இதுக்கு ரொம்பப் பிடிக்குது" என்று விடாமல் சொறிகிறோம். அந்த இடத்தில் உணர்ச்சி மிக அதிகம். பிடிப்பதும் எரிச்சலாக மாறுவதும் சில நொடிகளுக்குள் நடந்துவிடும். இரண்டு மூன்று விரல் சொறிதலோடு நிறுத்துங்கள். கருத்தடை செய்யாத பெண் பூனை பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, விடாமல் கத்திக்கொண்டிருந்தால் அது இனச்சேர்க்கைக் காலத்தின் அறிகுறி. தடவல் அதற்குத் தீர்வாகாது, கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

வயிற்றைப் பற்றித்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். முன்னால் வந்து புரண்டு வயிற்றைக் காட்டும் பூனை, உங்களிடம் பயமில்லை என்று காட்டுகிறது. வயிற்றைத் தடவச் சொல்லவில்லை. உள்ளுறுப்புகள் இருக்கும் அந்த இடத்தில் கை பட்டதும், முன்கால் இரண்டாலும் கையைக் கட்டிப்பிடித்துப் பின்காலால் உதைப்பது அதன் தற்காப்பு. புரண்டு படுத்த பூனைக்குச் சரியான பதில், பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தருகே விரலை நீட்டுவது. வயிற்றைத் தடவினால் சுகமாகக் கிடக்கும் பூனைகளும் இருக்கின்றன. உங்கள் பூனை அப்படிப்பட்டதாக இருந்தால் சந்தோஷம், ஆனால் அடுத்த வீட்டுப் பூனையிடம் அதைச் சோதிக்க வேண்டாம். பாதங்களையும் வாலையும் காரணம் இல்லாமல் பிடிக்காதீர்கள்.

நெருங்குவதற்கு முன்

முதலில் நேரம். தின்றுகொண்டிருக்கும்போது, மலத்தட்டில் இருக்கும்போது, ஆழ்ந்து தூங்கும்போது தொடக் கூடாது. தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் முடியும் வரை காத்திருங்கள். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு பூனையைப் பார்த்து உறுமிக்கொண்டிருக்கும் பூனையைச் சமாதானப்படுத்தப் போவதுதான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. எட்டாத எதிரிமேல் இருக்கும் கோபம் அருகில் வந்த கைமேல் பாயும், அந்தக் கொதிப்பு அடங்கச் சில மணிநேரம்கூட ஆகலாம். அறைக் கதவைச் சாத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, தனியாக விட்டுவிடுங்கள்.

அடுத்தது கை. சானிடைசர், வாசனைத் திரவியம், வேறொரு பூனை அல்லது நாயின் வாசனை இருந்தால் கழுவிவிட்டு வாருங்கள். மூட்டுவலிக்கோ தசைவலிக்கோ களிம்பு பூசியிருந்தால் இது உயிர்ப் பிரச்சினை. ஃப்ளர்பிப்ரோஃபென் கலந்த வலிக்களிம்பை உரிமையாளர் பயன்படுத்திய வீடுகளில் பூனைகள் நோயுற்று இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-ல் எச்சரிக்கை விடுத்தது. முடி வளர்ச்சிக்குத் தடவும் மினாக்சிடிலும் பூனைக்கு விஷம். நாம் தடவும்போது உரோமத்தில் ஒட்டுவதை அது பிறகு நக்கி விழுங்கிவிடும். களிம்பு பூசிய இடத்தைத் துணியால் மூடுங்கள், பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பூனை படுக்கும் தலையணையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்படியாக

1. பூனையின் மட்டத்துக்கு வாருங்கள். தரையில் உட்காருங்கள், அல்லது பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள். நேருக்கு நேர் நின்று மேலிருந்து குனிந்தால் பூனைக்கு அது பிடிக்க வருவதுபோல் இருக்கும்.

2. உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுக்க மூடித் திறங்கள். இரண்டு மூன்று முறை போதும். சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகள் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின. முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், கண் சிமிட்டிய பிறகு நீட்டிய கையை நெருங்கி வரத் தயங்கவில்லை.

3. விரல்களைத் தளர்வாக மடக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் சற்று வெளியே விட்டு, பூனையின் மூக்கு மட்டத்தில் நீட்டுங்கள். முகத்துக்கு மிக அருகே கொண்டுபோகாதீர்கள். சுமார் 25 சென்டிமீட்டருக்கும் அருகில் உள்ளதைப் பூனையால் தெளிவாகப் பார்க்க முடியாது, அங்கே அது மூக்கையும் மீசையையும் நம்பித்தான் இருக்கிறது. ஓரடி தள்ளியே கையை நிறுத்தி, மிச்ச தூரத்தை அதனிடம் விட்டுவிடுங்கள்.

4. பூனை முகர்ந்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் சம்மதம். முகர்ந்துவிட்டு அப்படியே நின்றால் இன்னும் முடிவெடுக்கவில்லை, ஐந்து நொடி காத்திருங்கள். தலையைத் திருப்பிக்கொண்டாலோ பின்னால் சாய்ந்தாலோ "இப்போது வேண்டாம்". கையை எடுத்துவிடுங்கள், பின்தொடர வேண்டாம்.

5. சம்மதம் கிடைத்தால் கன்னத்தில் மூன்று தடவல். பிறகு கையை ஒரு சாண் விலக்கி, மூன்று முதல் ஐந்து நொடி அசையாமல் வைத்திருங்கள்.

6. பூனை முன்னால் வந்து முட்டினால் இன்னொரு மூன்று தடவல். நகராமல் இருந்தாலோ தன்னை நக்கத் தொடங்கினாலோ எழுந்து போனாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் தவிர்த்துவிடுகிறார்கள். பூனை சுகமாக இருக்கும்போது கையை எடுக்க மனம் வராது. ஆனால் தடவல் விடாமல் தொடர்ந்தால், பூனைக்கு "போதும்" என்று சொல்ல மிஞ்சியிருக்கும் வழிகள் எழுந்து போவதும் கடிப்பதும்தான். இடைவெளி விட்டால் சும்மா இருந்தே சொல்லிவிடலாம். பூனைகளுக்கும் மனிதர்களுக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டென்னிஸ் டர்னர், பூனை தானாகத் தொடங்கும் கொஞ்சல் மனிதர் தொடங்குவதைவிட நீண்ட நேரம் நீடிக்கிறது என்று கண்டார். இடைவெளி ஒவ்வொன்றும், தொடங்கும் உரிமையை மறுபடி அதன் பக்கம் தள்ளிவைக்கிறது.

பூனைக்குப் பூனை அளவு மாறும். ஒரே நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் என்பதை விரும்பும் பூனைகள் ஏராளம். அரை மணிநேரம் மடியில் கிடக்கும் பூனைகூட, அந்த அரை மணிநேரமும் தடவலை எதிர்பார்ப்பதில்லை. உடற்சூட்டுக்காக வந்து படுத்திருக்கலாம். படுத்திருக்கிறது என்பதற்காகக் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

உடல் என்ன சொல்கிறது

பிடித்திருக்கும்போது தெரிவது: வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வருவது, நுனி கொக்கிபோல் வளைந்திருப்பது, காது முன்பக்கம் தளர்வாக இருப்பது, கண் பாதி மூடியிருப்பது, உடம்பு கைப்பக்கம் சாய்வது. முன்னங்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைவதும் சேர்த்தி. குட்டியாகப் பால் குடித்தபோது தாயின் மடியைப் பிசைந்த பழக்கம் அது. பிசையும்போது நகம் தொடையில் ஏறினால் பூனையைத் தள்ளிவிடாதீர்கள், மடியில் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். சுகத்தில் எச்சில் வடிக்கும் பூனைகளும் உண்டு. தடவாத நேரத்திலும் எச்சில் வடிந்தால், அல்லது புதிதாக வடியத் தொடங்கினால், பல்லையும் ஈறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"போதும்" என்பது படிப்படியாக வரும். முதலில் குர்குர் சத்தம் நிற்கும். உடம்பு சற்றே இறுகும். வால் நுனி மட்டும் துடிக்கும், பிறகு முழு வாலும் தரையில் அடிக்கும். முதுகுத் தோல் ஓர் அலைபோல் சிலிர்த்து ஓடும். காது பக்கவாட்டில் திரும்பித் தட்டையாகும். தலை சட்டென்று கைப்பக்கம் திரும்பும். கண்மணி விரியும். இதற்கு அடுத்தது பல். முதல் இரண்டு அறிகுறிகளிலேயே கையை எடுத்துவிட்டால் மற்றவற்றைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. தலை கைப்பக்கம் திரும்பிய பிறகு கையை வெடுக்கென்று இழுத்தால், ஓடும் இரையைப் பிடிப்பதுபோல் பாய்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் கையை ஒரு நொடி அப்படியே நிறுத்தி, பிறகு மெல்ல விலக்குங்கள்.

குர்குர் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சுகத்தில் வரும் அதே சத்தம் வலியிலும் பயத்திலும் வரும். அடிபட்டு மருத்துவர் மேஜையில் கிடக்கும் பூனையும் குர்குர் என்கிறது. சத்தத்தோடு உடம்பும் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதை மகிழ்ச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, எதிர்ப்பே காட்டாமல் சகித்துக்கொள்ளும் பூனை. காலை மடக்கி வைத்து, கண்ணை அகலத் திறந்து, மூச்சைக் குறைத்து, அசையாமல் உட்கார்ந்திருக்கும். "சமர்த்தாக இருக்கிறது" என்று பெயர் வாங்கும். பிரேசில், பிரிட்டன் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனைகளின் மலத்தில் மனஅழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் கழிவுகளை அளந்தார்கள். தடவலை விரும்பும் பூனைகளைவிடவும், பிடிக்காமல் விலகிப்போகும் பூனைகளைவிடவும், வெறுமனே பொறுத்துக்கொள்ளும் பூனைகளிடம் அந்த அளவு அதிகமாக இருந்தது. விலகிப்போகும் பூனைக்கு விலக வழி இருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை. கையை எடுத்து ஐந்து நொடி பார்க்கும் சோதனை இந்தப் பூனைக்குத்தான் மிகவும் தேவை. கை போனதும் உடலை உதறிக்கொண்டால், அல்லது தொட்ட இடத்தை அவசரமாக நக்கினால், அதற்கு அந்தத் தொடுகை பிடிக்கவில்லை.

தூக்கும்போது

தரையில் தடவலை விரும்பும் பூனை தூக்கப்படுவதை வெறுக்கலாம். இரண்டும் வேறு வேறு. தூக்கியே ஆக வேண்டுமானால், ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புக்கடியில் கொடுங்கள், மறுகையால் பின்பக்கத்தை அடியிலிருந்து தாங்குங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் உயர வேண்டும். பின்கால்கள் அந்தரத்தில் தொங்கினால் பூனை உடனே துழாவும், நகம் வெளியே வரும். பக்கவாட்டாக உங்கள் மார்போடு சாய்த்துக்கொள்ளுங்கள். குழந்தையைப்போல் மல்லாக்கப் படுக்க வைப்பதைப் பல பூனைகள் பொறுக்காது. நெளியத் தொடங்கியதும் குனிந்து நான்கு காலும் தரையில் படும்படி இறக்கிவிடுங்கள். உயரத்திலிருந்து குதிக்க விட்டால் உங்கள் கையையே உந்துகட்டையாக்கி நகத்தைப் பதித்துவிட்டுப் போகும்.

பிடரித் தோலைப் பற்றித் தூக்காதீர்கள். தாய்ப்பூனை அப்படித் தூக்குவது சில வாரக் குட்டியை மட்டும்தான். வளர்ந்த பூனையின் எடை முழுவதையும் அந்தத் தோலில் தொங்கவிட்டால் வலிக்கும். அது அசையாமல் இருப்பது பயத்தில் உறைந்துபோனதால், அமைதியானதால் இல்லை.

தொட்டாலே ஒதுங்கும் பூனையைப் பழக்குவது

குட்டிகள் மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலம் பிறந்த 2-ஆவது வாரம் முதல் 7-ஆவது வாரம் வரை. அந்த நாட்களில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தினமும் மென்மையாகக் கையாண்ட குட்டி பிற்காலத்தில் தொடுகையை எளிதாக ஏற்கும். அந்தக் காலத்தில் மனிதக் கையே படாத பூனை உங்களிடம் வந்திருந்தால், அதன் கூச்சத்துக்கு நீங்கள் காரணமில்லை. அதை மாற்ற முடியும், ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். மாறாமலும் போகலாம்.

தின்பண்டத்தை மிகச் சிறு துண்டுகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் தரும் தின்பண்டம், அன்றைய மொத்த உணவுக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முதல் கட்டத்தில் தொடவே வேண்டாம்: விரலை நீட்டுங்கள், பூனை முகர்ந்ததும் ஒரு துண்டை அதன் முன்னால் தரையில் வையுங்கள். ஐந்தாறு முறையோடு நிறுத்துங்கள். விரலைப் பார்த்ததும் அதுவே முன்னால் வரத் தொடங்கினால் அடுத்த கட்டம்: கன்னத்தில் ஒரு நொடித் தொடுகை, உடனே துண்டு. பிறகு ஒரு தடவல், துண்டு. பிறகு இரண்டு தடவல், துண்டு. தொடுகை முதலில், தின்பண்டம் பின்னால் என்ற வரிசை முக்கியம். தின்றுகொண்டிருக்கும்போது தொட்டால், உணவையும் சேர்த்துச் சந்தேகப்படத் தொடங்கும். எந்தக் கட்டத்திலாவது பின்வாங்கினால், முந்தைய கட்டத்துக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே இருங்கள்.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் கெடுவது, இடையில் யாரோ ஒருவர் அவசரத்துக்குப் பிடித்து மருந்து கொடுப்பதாலோ, விருந்தினர் ஆசையாகத் தூக்கிவிடுவதாலோதான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு இது இன்னும் எளிமையாக இருக்க வேண்டும்: தரையில் உட்கார், ஒரு விரல் நீட்டு, பூனை வந்தால் கன்னம் மட்டும், போனால் துரத்தாதே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு பூனையைத் தனியே விடக் கூடாது.

குட்டியோடு வெறுங்கையால் விளையாடுவதையும் நிறுத்துங்கள். விரலை ஆட்டிக் கடிக்க விடுவது இரண்டு மாதக் குட்டியிடம் அழகாக இருக்கும். வளர்ந்த பிறகு, தடவ வரும் கையும் வேட்டையாட வேண்டிய கையும் அதற்கு ஒன்றுதான். விளையாட்டுக்குக் கயிறு கட்டிய குச்சி, கொஞ்சலுக்குக் கை என்று முதல் நாளிலிருந்தே பிரித்துவிடுங்கள்.

பழக்கம் திடீரென்று மாறினால்

ஆண்டுக்கணக்கில் முதுகைத் தடவக் கொடுத்த பூனை ஒரு வாரமாகச் சீறுகிறது என்றால், குணம் மாறிவிட்டது என்று நினைப்பதற்கு முன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பிலும் கீழ்முதுகிலும் எதிர்ப்பு என்றால் மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரேக்களை அலசி 2002-ல் வெளியான ஆய்வில் 90 சதவீதப் பூனைகளுக்கு அது இருந்தது. பூனை நொண்டாது, உயரத்தில் குதிப்பதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் வெளியே தெரியும். கன்னத்தில் கை பட்டால் விலகினால் பல் அல்லது ஈறு. காதருகே என்றால் காதுப் பூச்சி அல்லது சீழ். ஓரிடத்தில் மட்டும் சூடும் வீக்கமும் இருந்தால், வேறொரு பூனை கடித்து உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். நீள முடிப் பூனைகளில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் முடி சிக்குப் பிடித்துத் தோலை இழுத்துக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப்போனால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும். தடவும்போது முதுகுத் தோல் திரும்பத் திரும்பச் சுருண்டு ஓடி, பூனை தன் வாலையே துரத்திக் கடித்தால், தெள்ளுப்பூச்சியிலிருந்து நரம்புக் கோளாறு வரை காரணங்கள் இருக்கலாம். கைபேசியில் அதை வீடியோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், மருத்துவமனையில் பூனை அதைச் செய்து காட்டாது.

கடித்துவிட்டால்

கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இழுக்காதீர்கள், காயம் நீளும். கையைத் தளரவிட்டு அசையாமல் இருங்கள், அல்லது இம்மியளவு அதன் பக்கமாகவே தள்ளுங்கள், பிடி தளரும். கத்துவதோ அடிப்பதோ முகத்தில் தண்ணீர் தெளிப்பதோ வேண்டாம். கை வந்தால் கெட்டது நடக்கும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். விடுபட்டதும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

பூனைப் பல் ஊசிபோல் மெல்லியது. வெளியே சிறு துளை தெரியும், உள்ளே பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளை ஆழமாக இறக்கிவிட்டிருக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். தோலைத் துளைத்த கடி எதுவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் மூட்டு, மணிக்கட்டு, முகம் ஆகிய இடங்களில் கடித்திருந்தாலோ, சர்க்கரை நோயோ எதிர்ப்புச்சக்திக் குறைவோ இருந்தாலோ சில மணிநேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிவப்பு பரவுவது, வீங்குவது, துடிக்கும் வலி ஆகியவை ஒரு நாளுக்குள்ளேயே தொடங்கிவிடலாம். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா, வெளியே போய்வரும் பூனையா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தடுப்பூசி தேவையா, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

காயம் ஆறும் வரை தடவலை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் மறுபடி தொடங்கும்போது ஒரே விரல், கன்னம், மூன்று தடவல், இடைவெளி என்பதிலிருந்து தொடங்குங்கள், முன்பு எந்த இடம் வரை பழகியிருந்தாலும் சரி.